அணைந்து கிடந்த ஒரு கோடு

இரண்டு வருடங்களுக்கு முன், திருவண்ணாமலை வேங்கிக்கால் பக்கம் ஒரு சின்ன தனியார் மருத்துவமனையில் நடந்தது இது. கருவிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. கைக்குழந்தைகளை எடை போடும் மெஷினில், விரிக்கிற துணியின் எடையைக் கழிக்கும் பட்டன் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். முன்பக்கத்தைக் கழற்றி, பட்டன்களை மாற்றி, அரைக்கிலோ எடைக்கல்லை வைத்தேன். 0.500 என்று சரியாகக் காட்டியது. பெரிய அனுபவசாலி அல்லவா, அத்தோடு பையைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

நர்ஸ் மெஷினை ஆன் செய்து, இருபது நாள் குழந்தை ஒன்றைப் படுக்க வைத்தார். 2.540.

"பொறந்தப்ப ரெண்டு எழுநூறு இருந்துச்சு. இப்ப கம்மியாயிடுச்சேம்மா. உனக்குப் பால் பத்தல போல. டாக்டர்கிட்ட சொல்றேன், பவுடர் பால் எழுதிக் குடுப்பாரு."

"நல்லாதானே குடிக்குது" என்றார் அந்தத் தாய். அதற்குள் கண்ணீர் வந்துவிட்டது. கோயில் வாசலில் பூக்கடை வைத்திருப்பவர். முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சார், எங்க கடைத் தராசை ஆன் பண்ணா எல்லா எடத்துலயும் எட்டு வந்துட்டுப் போவும். இதுல ரெண்டாவதா ஆறு வந்துச்சுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இப்பதாம்மா சரி பண்ணேன்" என்று முறைப்பாகச் சொல்லிக்கொண்டே அணைத்து, மறுபடி ஆன் செய்தேன். 8.688.

அந்தத் திரையில் ஒவ்வோர் எண்ணும் ஏழு சிறு கோடுகளால் ஆனது. ஏழும் எரிந்தால் எட்டு. வலது மேல் கோடு அணைந்தால் எட்டு ஆறாகிவிடும், ஒன்பது ஐந்தாகிவிடும். அதைக் காட்டிக் கொடுக்கத்தான் ஆன் செய்ததும் எட்டுகள் வந்து போகின்றன. நானோ எடைக்கல் வைக்க ஆன் செய்த நேரத்தில் குனிந்து ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். ஐந்துக்கு அந்தக் கோடு தேவையே இல்லை. என் எடைக்கல் வைத்தபோது தப்பு தெரியாமல் போனது அதனால்தான்.

கழற்றிப் பார்த்தால், திரையின் ஒரு கம்பியை நான்தான் சரியாகச் செருகாமல் விட்டிருந்தேன். சரி செய்து குழந்தையை மறுபடி படுக்க வைத்தோம். 2.940.

"மன்னிச்சுடும்மா, தப்பு என்னுதுதான்" என்றேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. குழந்தையை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தார்.

இப்போதும் எந்த மெஷினை ஆன் செய்தாலும், வேறெதையும் தொடாமல் நின்று எட்டுகளைப் பார்க்கிறேன். என் அவசரத்தால் ஒரு தாய் தன் பாலையே சந்தேகப்பட்டு அழுதது அந்த இரண்டு விநாடியில் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.