மேசைக்கு மேலே தொங்கிய சுரைக்குடுக்கை

என் மனைவியின் வீணையில் நான் ஓட்டை போட்டேன். நூற்றுக்கு மேல் இருக்கும். மூன்று மத்தியானங்கள் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து, கைத்துளைக்கருவியால் நிதானமாகப் போட்டேன். போடும்போது விசிலடித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கிழக்கேகோட்டைக்கு உள்ளே, சுவரோடு சுவர் ஒட்டின அக்ரஹார வீடு ஒன்றில் நானும் அவளும் மட்டும் இருக்கிறோம். போன வருஷம் அவளுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. அதற்குப் பிறகு ட்யூப்லைட் வெளிச்சம் கூசுகிறது என்றாள். சாப்பாட்டு மேசைக்கு மேலே மஞ்சளாக, அடக்கமாக ஒரு தொங்குவிளக்கு இருந்தால் தேவலை என்றாள். கடைக்குப் போயிருந்தால் அரை மணி நேர வேலை. நான்தான் பிரசங்கம் பண்ணினேன்.

"இந்த ஆத்துக்குள்ள இனிமே பிளாஸ்டிக் நுழையாது. இயற்கையான பொருள்ல நானே பண்றேன் பார்."

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைத் திட்ட உதவும்.

முதலில் தேங்காய்ச் சிரட்டை. ராவித் தேய்த்து, மூன்று சிரட்டைகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். வெளிச்சம் நேராக ரசப் பாத்திரத்தின்மேல் மட்டும் விழுந்தது. மற்றதெல்லாம் இருட்டு. "ரசத்துக்குக் கண் ஆபரேஷன் ஆகலை" என்றாள் அவள். அடுத்தது பாக்குமரப் பாளை. ஊறவைத்து வளைத்தேன். ஒரு வாரம் அழகாக இருந்தது, மழை பிடித்ததும் சுருண்டு பூஞ்சை பூத்து, பெரிய காதுபோல ஆகிவிட்டது. அதற்குக் கீழே உட்கார்ந்து அவள் என்னைப் பற்றி எதுவும் பேசமாட்டேன் என்றாள். காது கேட்டுக்கொண்டிருக்கிறதாம்.

மூன்றாவது, சாலைக் கடைத்தெருவில் பழைய சாமான் விற்கிறவனிடம் வாங்கின மூங்கில் கூடை. நல்ல தேன் நிறம். அரிசிக் கூடை என்று அடித்துச் சொன்னான். மாட்டி, பழைய குண்டு பல்பைப் போட்டு, சூடேறி ஒரு பத்து நிமிஷம் ஆனதும் அது மீன் கூடை என்று தெரிந்துவிட்டது. எங்களுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே தெருப் பூனைகள் இரண்டுக்குத் தெரிந்திருக்கிறது. வாசல்படியில் வந்து ஒழுங்காக உட்கார்ந்திருந்தன.

"விருந்தாளி வந்திருக்கா. நீங்களே எலை போட்டுடுங்கோ" என்று சொல்லிவிட்டு மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மானம் போன நிலைமையில்தான் மச்சுக்கு ஏறினேன். ஏணியில் நான் ஏறக்கூடாது என்று பெங்களூரில் இருக்கும் மகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அதனால் மனைவி சாயங்காலம் கோயிலுக்குப் போன சமயம் பார்த்து ஏறினேன். அங்கே பழைய பெட்ஷீட்டில் சுற்றின நீளமான சாமான் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. அது அவளுடைய வீணை என்று எனக்குத் தெரியும். அதை ஒரு கையால் தள்ளி நகர்த்திவிட்டு, பின்னால் இருந்த மஞ்சள் துணிப்பையை இழுத்தேன்.

பைக்குள்ளே ஒரு சுரைக்குடுக்கை. காற்றுப்போல லேசு. கீழ்ப்பக்கம் அகலமாக வாய் திறந்திருந்தது. மேல்பக்கம் மரை வெட்டின ஒரு பித்தளை வளையம். எந்த மகானோ எழுபத்தாறு வயதில் எனக்கு விளக்கு செய்யத் தோன்றும் என்று முன்கூட்டியே தெரிந்து பண்ணி வைத்ததுபோல இருந்தது. வெளியே அரக்குப் பூச்சு, அதில் தங்கநிறத்தில் பூக்கள். பூக்கள் எனக்கு வேண்டாம், இயற்கை தெரிய வேண்டும் என்று உப்புத்தாள் போட்டு எல்லாவற்றையும் தேய்த்தெடுத்தேன். பிறகு, அவள் மத்தியானம் தூங்கும் நேரமாகப் பார்த்து, அறுகோணம் அறுகோணமாகத் துளை போட்டேன். பென்சீன் வளையங்கள். பழக்கதோஷம்.

மாட்டி சுவிட்சைப் போட்டபோது சுவரெல்லாம், கூரையெல்லாம் தேன்கூடு. மனைவி அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அய்யோ, நன்னாயிருக்கே. எங்கேந்து கெடச்சுது?"

மச்சில் ஏறினேன் என்று சொன்னால் அந்த நிமிஷமே மகளுக்கு போன் போகும். "சாலைக் கடைத்தெருவுலதான். ஒரு கெழவன் வித்துண்டிருந்தான்" என்றேன். ஒன்றுமில்லாத பொய். அவள் என் தட்டில் இன்னொரு கரண்டி பாயசம் விட்டாள். அதையும் சாப்பிட்டேன்.

ஓணம் கழிந்து ஒரு வாரம் இருக்கும். அந்த விளக்குக்குக் கீழே உட்கார்ந்து அவள் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். வெறுமனே சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இந்த வெளிச்சத்துல ஒக்காந்துண்டா வீணை வாசிக்கணும்னு தோண்றது. இந்த நவராத்திரிக்கு எறக்கிடலாம். தந்தி மட்டும் புதுசு போடணும். சுரைக்காயைத் தனியாக் கழட்டி மஞ்சப் பையில வெச்சிருக்கேன். அது பழைய காலத்துது, நிஜச் சுரைக்காய். ஒடைஞ்சா கெடைக்காது, கேட்டேளா."

நான் மேலே பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு கழுத்து பலம் வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வீணை மச்சுக்குப் போனது என்னால். கல்யாணமாகி நாலாவது வருஷம், நான் முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தினமும் சாயங்காலம் இவள் வாசிப்பாள். ஒரு நாள் நான், "மூணு மாசம் மட்டும் நிறுத்திக்கோயேன். எழுதி முடிச்சுடறேன்" என்றேன். அன்றைக்கே நிறுத்தினாள். எழுதி முடிக்க எனக்கு நாலு வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு முப்பத்துநாலு வருஷம். "ஏன் வாசிக்கிறதில்லை?" என்று ஒரு நாளாவது நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

ஆகவே உண்மையை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நான் வேறு குடுக்கை தேடிச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன்.

காய்கறிக் கடைகளில் சுரைக்காய் இருந்தது, பச்சையாக, கூட்டுக்கு ஏற்றதாக. காய்ந்து கெட்டியாக மாதங்கள் ஆகும், நவராத்திரிக்கு மூன்று வாரம்கூட இல்லை. கடைசியில் ஒரு ஹார்டுவேர் கடையில் கண்ணில் பட்டது. தண்ணீர்த் தொட்டியில் வால்வோடு மிதக்குமே, அந்தப் பந்து. நல்ல பெரிய அளவு. மேலே பித்தளை மரைகூட இருந்தது. கடைக்காரர் நாகர்கோயில் பக்கத்துக்காரர்.

"எத்தன லிட்டர் டேங்க், சாரே?"

"டேங்குக்கு இல்லை."

"பின்னே?"

பொய் எதுவும் உடனே தோன்றவில்லை. "வீணைக்கு" என்றேன்.

அவர் பந்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "போடலாம் சாரே, தாராளமா போடலாம். பாட்டு நெறஞ்ச ஒடனே தன்னால அடைச்சிரும். கரண்டும் மிச்சம்."

பந்து ஆரஞ்சு நிறம். கீழ்ப்பக்கத்தை ரம்பத்தால் அறுத்து வாய் திறந்தேன். பழுப்பு எனாமல் இரண்டு பூச்சு பூசினேன். தங்கநிறத்தில் பூப் போட்டேன். அவை பூப்போல இல்லை, நண்டுபோல இருந்தன. மஞ்சள் பையில் போட்டு மச்சில் கொண்டுபோய் வைத்தேன். இந்த வகைப் பிளாஸ்டிக்கின்மேல் பெயின்ட் ஒட்டாது, ஏன் ஒட்டாது என்று முப்பது வருஷம் வகுப்பில் படம் போட்டு விளக்கியவன் நான். பரீட்சையில் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன்.

நவராத்திரி முதல் நாள். வீணை இறங்கியது. புதுத் தந்தி போட்டாயிற்று. நானே முன்வந்து பந்தைத் திருகினேன். மரை சேரவில்லை, துணியைச் சுற்றித் திருகினேன். அவள் தரையில் பாயைப் போட்டு உட்கார்ந்து, வீணையை இழுத்து, இடது தொடைமேல் அந்தக் குடுக்கையை வைத்துக்கொண்டாள். வைத்த உடனே ஒரு மாதிரி நெளிந்தாள். கொஞ்சம் நகர்த்தினாள். இரண்டு தந்தியை மீட்டினாள். மறுபடியும் நகர்த்தினாள். பிறகு வீணையைத் தூக்கினாள். அரக்கு நிறப் பட்டுப்புடவையின்மேல் தோசைக்கல் அளவுக்குப் பழுப்பாக ஒரு தோல் உரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நண்டுகளோடு.

அவள் குனிந்து அந்தக் குடுக்கையின் வாய்க்குள்ளே பார்த்தாள். உள்ளே பெயின்ட் பூச நான் மறந்திருந்தேன். பளீரென்று ஆரஞ்சு.

அதைப் பார்த்தாள், என் நகக்கண்ணில் இருந்த பழுப்பைப் பார்த்தாள், பிறகு மேசைக்கு மேலே பார்த்தாள். எழுந்துபோய் மேசை அருகே நின்று, விளக்கின் பித்தளை வளையத்தை விரலால் சுட்டிக் காட்டினாள்.

"தெரிஞ்சு பண்ணினேளா, தெரியாமப் பண்ணினேளா?"

தப்பிக்க வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். "சத்தியமாத் தெரியாது. ஏதோ பழைய சுரைக்குடுக்கைன்னு நெனச்சேன். வீணையோடதுன்னு தெரிஞ்சிருந்தா தொடுவேனா?"

அவள் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள்.

"தெரிஞ்சு பண்ணியிருந்தா நன்னாச் சண்டை போட்டிருப்பேன்" என்றாள். "கல்யாணமான புதுசுல நாலு வருஷம், தெனமும் சாயங்காலம், இதை மடியில வெச்சுண்டு ஒங்களுக்கு எதிர்லதான் ஒக்காந்திருந்தேன்."

அப்போதாவது வாயை மூடியிருக்க வேண்டும். நான் படித்தவனாயிற்றே. "அந்தச் சின்னக் குடுக்கைக்கு நாதத்துல பெரிய பங்கு கெடையாதாம். படிச்சுப் பார்த்தேன். வெறும் தாங்கல்தானாம்."

"ஆமாம்" என்றாள் அவள். "தாங்கல்தான்."

பிறகு, "முக்காலியை எடுத்துண்டு வாங்கோ" என்றாள்.

முக்காலியில் ஏறி விளக்கைக் கழற்றினேன். பல்பும் ஒயரும் மேலேயே தொங்க, குடுக்கை மட்டும் இறங்கியது. பித்தளை வளையம் வீணையில் இரண்டே சுற்றில், துணி எதுவும் இல்லாமல், போய் உட்கார்ந்தது. குடுக்கை இல்லாத பல்பு அவள் கண்ணைக் கூசும் என்பதால் அதை அணைத்துவிட்டேன். வாசல் பக்கமிருந்து வந்த சாயங்கால வெளிச்சத்தில் அவள் வாசிக்க ஆரம்பித்தாள். விரல் அங்கங்கே தடுமாறியது. ஓட்டைகளால் நாதம் மாறியிருக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. முடித்ததும் குடுக்கையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"மாட்டிடுங்கோ. அவரைக்காய் ஆயணும்."

அன்று முதல் இதுதான் ஏற்பாடு. சாயங்காலம் விளக்கு வீணைக்குப் போகும், வாசித்து முடிந்ததும் வீணையிலிருந்து கூரைக்குத் திரும்பும். வேறு குடுக்கை வாங்கலாம் என்றேன், வேண்டாம் என்றாள். காகிதக்கூழில் இப்போது நன்றாகச் செய்கிறார்களாம் என்றேன், கேட்காதவள்போல இருந்தாள். நான் முக்காலியில் ஏறுவதைப் பற்றி மகளிடம் அவளே சொல்லி அனுமதி வாங்கிவிட்டாள்.

நவராத்திரி முடிந்தும் ஏற்பாடு முடியவில்லை. ஒரு நாள் முக்காலியின்மேல் நின்றுகொண்டே கேட்டேன்.

"எத்தனை நாளைக்கு இப்படி?"

அவள் பிருடையை முறுக்கிச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"மூணு மாசம் மட்டும்" என்றாள்.

நான் குடுக்கையைத் திருகிக் கழற்றி, இரண்டு கையாலும் பிடித்து, அவளிடம் இறக்கிக் கொடுத்தேன்.