வேலை கேட்டுப் போன தாம்பூலம்

புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஐடிஐ. அங்கே பாடம் நடத்த ஆள் உண்டு, பரீட்சை வைக்க ஆள் உண்டு. பிள்ளைகளைப் பட்டறைகளில் வேலைப் பயிற்சிக்குச் சேர்த்துவிடத்தான் ஒருத்தரும் கிடையாது. அது யார் தலையில் விடியும்? அங்கே டீச்சராக இருந்த சத்யா தலையில் விடிந்தது. “நீங்கதான் மேடம் நல்லாப் பேசுவீங்க” என்றார் பிரின்சிபால். வாய் இருந்த பாவத்துக்கு வந்த தண்டனை.

அந்த வேலையில் ஊரறிந்த குறுக்குவழி ஒன்று உண்டு. கடைக்காரர் தாளில் சீல் குத்திக் கொடுத்துவிடுவார், பிள்ளை வீட்டில் செல்போனோடு படுத்துக் கிடக்கும், பயிற்சி முடிந்ததாகப் பேர். சத்யாவுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். “சீல் எங்க ஆபீஸ்லயே கெடக்குங்க. எனக்கு வேலை சொல்லிக் குடுக்குற ஆளுதான் வேணும்” என்பாள். அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி என்று பஸ் மாறி மாறி அலைவாள். அவள் தலை தெரிந்தாலே சில கடைக்காரர்கள் வராத போனைக் காதில் வைத்துக்கொள்வார்கள். அவளா விடுவாள்? போன் பேசி முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள்.

அந்த வருஷம் ஏசி, ஃப்ரிட்ஜ் பிரிவில் ஒரே ஒரு பெண், வனிதா. அப்பா சிவசாமி மீமிசலில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்துப் போடுகிறவர். “ஐஸ் மெஷின் படுத்துக்கிச்சுன்னா எங்க ஊரே படுத்துக்கும் மேடம். அதுக்குத்தான் இதப் படிக்கிறேன்” என்று சேர்ந்த அன்றே சொன்னவள். ஆனால் சிவசாமி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: “பொழுதோட வீடு திரும்புற மாதிரி எடம் கெடைச்சா அனுப்புறேன் மேடம். இல்லாட்டி திருப்பூர்ல அவ சித்தி இருக்கா, பனியன் கம்பெனிக்குப் போகட்டும்.”

சத்யா தேடாத இடமில்லை. பெண் பிள்ளை என்றதும் எல்லாரும் கையை விரித்தார்கள். கடைசியில் மணமேல்குடி அழகுமலைதான் தலையாட்டினான். ஃப்ரீசர், குளிரறை எல்லாம் பழுது பார்க்கிறவன், கல்யாணமாகாதவன். முன்னால் கடை, பின்னால் வீடு, வீட்டில் அம்மா சொர்ணவல்லி. “சரி, திங்கக்கெழமை வரச் சொல்லுங்க” என்று அரை மனசாகச் சொன்னான். அந்த அரை மனசே சத்யாவுக்குப் போதும். உடனே சிவசாமிக்குப் போன் போட்டு, “மொத நாள் நீங்களும் கூட வந்து ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்க” என்றாள்.

அவர் வந்தார். எப்படி வந்தார் என்பதில்தான் வந்தது வினை. நல்ல காரியத்துக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் அந்தக் குடும்பத்துக்கு இல்லை. வெற்றிலை பாக்கு, தேங்காய், வாழைப்பழம், கற்கண்டு, பூ என்று ஒற்றைப்படையில் ஐந்து தட்டு. மனைவி பிரகதாம்பாள், மச்சான், மச்சான் பெண்டாட்டி எல்லாரும் ஒரு வேனில். வனிதாவின் யூனிஃபார்ம் பைக்குள் இருந்தது. உடம்பில் அம்மாவின் பட்டுப்புடவை, தலை கொள்ளாத மல்லிகை.

அழகுமலை அப்போது கட்டுமாவடிக்கு ஒரு ஃப்ரீசர் பார்க்கப் போயிருந்தான். வாசலுக்கு வந்த சொர்ணவல்லி தட்டுகளைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள். மகனுக்குப் பெண் தேடித் தேடிச் சலித்துப் போயிருந்த மனுஷி. பயிற்சி, கியிற்சி என்று மகன் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னவனில்லை. கேட்க வேண்டுமா? நாற்காலி வந்தது, விளக்கு ஏற்றியாயிற்று, அடுப்பில் கேசரிக்கு ரவை வறுபட்டது.

“ஒங்களுக்குக் கொலதெய்வம் எது?” என்று கேட்டாள் சொர்ணவல்லி.

“ஐயனாருங்க” என்றார் சிவசாமி, வேலை தொடங்குமுன் சாமி கும்பிடக் கேட்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டு.

“எங்களுக்குக் காளியம்மா. அப்பப் பங்காளி மொறை இல்ல, நல்லதாப் போச்சு. புள்ள என்ன படிக்குது?”

“ஏசி மெக்கானிக்குங்க” என்றாள் பிரகதாம்பாள். “தம்பி பொறுப்புல விட்டுட்டா எங்களுக்கு நிம்மதி. இன்னைக்கே வேணாலும் விட்டுட்டுப் போறோம்.”

“அடி ஆத்தி, இன்னைக்கேவா! நாள் பாக்க வேணாமா?”

சத்யா பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தபோது வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடியிருந்தார்கள். பின்னாலேயே பைக்கில் அழகுமலை, கையெல்லாம் கிரீஸ். “மாப்ள வந்தாச்சுடி!” என்று ஒருத்தி கூவினாள்.

சிவசாமி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “மாப்ளயா? நான் எம்மகள வேலை பழக அனுப்புறேனா, இல்ல வித்துட்டுப் போக வந்தேனா? ஏறு தாயி வண்டியில!” என்று மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அழகுமலைக்கு முகம் செத்துப் போயிற்று. “மேடம், இது சரிப்பட்டு வராது. தெருவே சிரிக்குது. வேணும்னா சீல் போட்டுத் தாரேன், ஆள விட்டுருங்க.”

சத்யா வேன் பக்கம் ஓடினாள். வேனுக்குள் வனிதா அழாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்த சத்யாவுக்கு ஒன்றுதான் தோன்றியது. போச்சு, இந்தப் பிள்ளை திருப்பூருக்கு வண்டி ஏறப் போகிறது.

சொர்ணவல்லி நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். அவளுக்கும் இப்போதுதான் விஷயம் முழுசாக விளங்கியது. முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, தெருவுக்கு இறங்கி, நேரே வேனுக்குப் போனாள்.

“அண்ணே, கோவப்படாதீங்க. ஆசையில கண்ணு மறைச்சிருச்சு, தப்பு என்னுது. அதுக்கு இந்தப் புள்ள என்ன செய்யும்?” என்றவள், திரும்பித் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: “எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தப் புள்ள எங்க கடையில வேலை பழக வந்திருக்கு. இன்னையிலருந்து என் மகனுக்கு இது தங்கச்சி. வேலை முடியுறவரைக்கும் நானும் கடையிலதான் ஒக்காந்திருப்பேன். எவளாச்சும் வேற மாதிரி பேசுனீங்க, நாக்க இழுத்து வச்சு அறுத்துப்புடுவேன்!”

தெரு அடங்கியது. சிவசாமிக்கும் கோபம் இறங்கியது. ஆனால் முதலில் இறங்கியது வனிதாதான். உள்ளே போய் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு, மல்லிகையை எடுத்துச் சொர்ணவல்லியிடம் கொடுத்துவிட்டு, கடைக்குள் வந்து நின்றாள்.

“அண்ணே, எதுலருந்து ஆரம்பிக்கணும்?”

அழகுமலை தரையைப் பார்த்தபடியே ஸ்பேனரை நீட்டினான். சத்யா சொர்ணவல்லியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “அம்மா, ஒங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்லப் போறேன்” என்றாள். “கேசரி ஆறுது, வா” என்றாள் சொர்ணவல்லி.

பயிற்சி முடிந்து வனிதா கடலோரத்து மீன் கம்பெனி ஒன்றுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். சீல் மட்டும் வாங்கி வந்த வேறு பிள்ளைகள் திருதிருவென்று விழிக்க, இவள் குளிரறைக்குள் போய்ச் சத்தத்தைக் கேட்டே, மோட்டாரில் பேரிங் போயிருக்கிறது என்று சொன்னாளாம். வேலை கிடைத்தது. சில மாதம் கழித்து அந்தக் கம்பெனி மேனேஜர் சத்யாவைக் கூப்பிட்டு, “இதே மாதிரி இன்னும் ரெண்டு பேரு இருந்தா அனுப்புங்க மேடம்” என்றார்.

இத்தனை வருஷமும் கடை கடையாகக் கெஞ்சிய சத்யாவிடம் ஒருத்தர் தானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொர்ணவல்லிக்குப் போன் போட்டாள். “அம்மா, எல்லாம் ஒங்களாலதாம்மா. அன்னைக்கு நீங்க மட்டும் தெருவுல எறங்கலேன்னா...”

“அட, விடு டீச்சர், சும்மா நன்றி நன்றின்னுக்கிட்டு!” என்றாள் சொர்ணவல்லி. “கம்பெனிக்காரனுக்கு ரெண்டு பேரு அனுப்புறது இருக்கட்டும். அந்தப் புள்ள போனதுலருந்து கடை வெறிச்சோடிக் கெடக்கு. மொதல்ல எனக்கு ஒரு ஆள அனுப்பு.”