சிம்பாங் ரெங்கத்தில் ஒரு வாக்கெடுப்பு

காலை. பேருந்து சிம்பாங் ரெங்கத்தில் அரை மணி நேரம் நிற்கிறது. சாப்பாட்டுக் கடையில் வழக்கமாகக் காற்பந்து ஓடும் பெரிய தொலைக்காட்சியில் இன்று அமெரிக்க நாடாளுமன்றம். பட்ஜெட் நிறைவேறாததால் அங்கே அரசு அலுவலகங்கள் முடங்கிக் கிடக்கின்றன. இப்போது மறுபடியும் வாக்கெடுப்பு.

கடைக்காரர் பாய், பட்ஜெட்டை நிறைவேற்றத் துடிக்கும் அமெரிக்கக் கட்சியின் பக்கம். ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருக்கும் லாரிக்காரர் மணியம் அதன் எதிர்க்கட்சிப் பக்கம்.

"கடன் வாங்கியே ஓடுது அந்த நாடு. மூடியே கிடக்கட்டும்லா!" என்கிறார் மணியம்.

"உங்க ஆளுங்க தோத்தா இன்னிக்கி எல்லாருக்கும் தே தாரிக் டீ உங்க செலவுதான்," என்று சிரித்த பாய் என்னைப் பார்க்கிறார். "அக்கா எந்தப் பக்கம்?"

"என் மக அங்க அரசாங்க வானிலை ஆபீஸ்ல இருக்கா. அத மட்டும் மூட முடியாதாம், ஒரு மாசமா சம்பளமே இல்லாம வேலைக்குப் போறா. நேத்து போன்ல அழுதுட்டா."

மணியம் மெல்லுவதை நிறுத்துகிறார்.

"பிள்ள தனியாவா இருக்கு?"

"ஆமாங்க."

அவர் நாற்காலியை என் மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.

"அப்ப இன்னிக்கி எங்க ஆளுங்களே தோத்துட்டுப் போகட்டும்லா, பாய்."

பாய் அவரைக் கேலி செய்யவில்லை. தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிவிட்டு எங்களோடு வந்து உட்காருகிறார்.