சல்லடை வாத்தியார் திருத்தாத வாதம்

கல்லூரியில் தர்க்கம் சொல்லிக்கொடுத்தவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் சல்லடை. பொருத்தமான பெயர்தான். யார் எது பேசினாலும் சலித்துப் பார்க்காமல் விடமாட்டார். ஒருமுறை தாமதமாக வந்த மாணவி, "பஸ் வரலன்னா லேட்டாகும் சார். லேட்டாயிடுச்சு. அப்போ பஸ் வரலன்னுதானே அர்த்தம்?" என்றாள். "தூங்கிட்டாலும் லேட்டாகும்மா" என்று சொல்லி, அந்த ஓட்டையையே அன்றைய பாடமாக்கிவிட்டார்.

வீட்டிலும் அதே கதைதான். "கேஸ் தீந்தா அடுப்பு எரியாது, அடுப்பு எரியல, அப்போ கேஸ் தீந்துபோச்சு" என்று மனைவி சொன்னால், "ட்யூப் அடைச்சிருந்தாலும் எரியாதே" என்பார். எழுந்துபோய் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்கமாட்டார். இருபத்தாறு வருடம் இந்த மனிதரோடு மாரடித்ததில், எந்த வாதம் செல்லும், எது செல்லாது என்று அவளுக்கும் அத்துப்படியாகிவிட்டது.

ஒரு நாள் காலை, மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுவதாகச் சொன்னாள். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "டாக்டர்ட்ட போகலாமா?" என்றார். அவளுக்குப் போகப் பயம்.

"கெட்ட கட்டின்னா வலிக்கும். இது வலிக்கல. அதனால இது கெட்ட கட்டி இல்ல. எங்க, ஓட்டை கண்டுபிடிங்க பாப்போம்!"

அவரும் பார்த்தார். முதல் இரண்டும் உண்மை என்றால் மூன்றாவது உண்மையாகியே தீர வேண்டும். வடிவத்தில் ஒரு குறையும் இல்லை. "அட, செல்லுபடியாகுதே!" என்று கைதட்டினார். அவளுக்கு வாயெல்லாம் பல். வலிக்கும் என்ற அந்த முதல் வாக்கியம் உண்மைதானா என்று அந்த மேதாவி கேட்கவே இல்லை. வடிவம் சரியாக இருந்தாலும் கூற்று பொய்யானால் முடிவை நம்பாதே என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவர் அவர். ஊருக்குத்தான் உபதேசம்.

எட்டு மாதம் கழித்து, "ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார். அவளே முந்திக்கொண்டு, "வலிக்கல டாக்டர், அதான் நான் வரல" என்றாள். கணவரைக் காட்டிக்கொடுக்காமல் அவள் அப்படிச் சொன்னதுதான் அவரை அறுத்தது.

நான்காவது ஊசி போட்ட மறுநாள், வார்டில் தலையணையில் உதிர்ந்திருந்த முடியைத் திரட்டிக்கொண்டே சொன்னாள்: "மருந்து வேலை செஞ்சா முடி கொட்டும்னு பக்கத்து பெட் அக்கா சொல்றாங்க. எனக்குக் கொட்டுது. அப்போ மருந்து வேலை செய்யுது. சரிதானே?"

சற்று முன்புதான் டாக்டர் அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, மருந்து கேட்கவில்லை என்று சொல்லியிருந்தார்.

"சரிதான்" என்றார். "ரொம்ப சரி."

அவள் முடியைக் கீழே வைத்தாள். "இல்லைங்க. மருந்து கேக்கலன்னாலும் முடி கொட்டும். இது செல்லாத வாதம். வேணும்னேதான் சொன்னேன்."

மூச்சு வாங்கியது. தலையணையில் சாய்ந்துகொண்டு தொடர்ந்தாள்.

"மறைக்க ஒண்ணும் இல்லன்னா நீங்க திருத்தியிருப்பீங்க. திருத்தல. அப்போ எதையோ மறைக்கிறீங்க."

அவர் ஓட்டை தேடினார். இந்த முறை முதல் வாக்கியத்தையும் விடாமல் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. கட்டிலின் ஓரத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார்.