அழியாத பயோடேட்டா

இது கதை இல்லை. நம்பாதவர்கள் என்னோடு கள்ளிக்குப்பம் வாருங்கள், அந்த அறையைக் காட்டுகிறேன்.

என் பெயர் பவித்ரா. ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். சொந்தபந்தமெல்லாம் தூரத்தில் என்று, அப்பா என் பயோடேட்டாவைக் கல்யாணத் தரகர் வேம்புலியிடம் கொடுத்தார். போட்டோ, போன் நம்பர், வீட்டு நம்பர், நான் வேலை முடிந்து வரும் நேரம் வரைக்கும்! அவர் அதை நாற்பது வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். இரண்டு மாதமாகக் கண்டவனெல்லாம் கூப்பிடுகிறான். ஒருவன் வாசலிலேயே வந்து நின்றான். எனக்கு ரத்தம் கொதித்தது.

புதன்கிழமை, மதியம் 2.40. நேராகக் கள்ளிக்குப்பத்தில் இருக்கும் தரகர் அறைக்குப் போனேன். பெஞ்சில் ஒரு பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். நானும் அதில் உட்கார்ந்தேன்.

"என்னோடதை அழிங்க."

"இன்னாம்மா கோச்சிக்கிற? குரூப்புல போட்டா போட்டதுதான். நாலு பேரு பாத்தாதான வரன் அமையும்?"

"என் நம்பரை யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"உங்க அப்பாதான் குடுத்தாரு."

என் சம்மதம் யாருக்கும் தேவைப்படவில்லை!

"என்னோடதையும் அழிக்கச் சொல்லு..." என்றாள் அந்தப் பெண்.

"இவங்களோடதையும் அழிங்க," என்று கத்தினேன்.

வேம்புலி பெஞ்சைப் பார்த்தார். "எவங்க? நீ மட்டுந்தானம்மா கீற?"

திரும்பினேன். அவள் அங்கேயேதான் இருந்தாள்.

3.05. கரண்ட் போனது. ஃபேன் நின்றது.

க்ர்ர்ர்...

பிரிண்டர் ஓடியது. கரண்ட் இல்லாமல்.

ஒரு தாள்... இன்னொரு தாள்... எல்லாவற்றிலும் அவள் முகம்.

பெயர் ஜீவா. வயது 24.

பெஞ்ச் காலி.

கரண்ட் வந்ததும் வேம்புலி எங்கள் இருவருடையதையும் அழித்தார். தன் கம்ப்யூட்டரில் மட்டும். ஊரார் போனில் இருப்பதை எவன் அழிப்பான்?

மறுநாள் அந்தத் தாளில் இருந்த நம்பருக்குப் பேசினேன். ஜீவாவின் அம்மா எடுத்தார். ஜீவா செத்து மூன்று வருடம். பயோடேட்டாவில் முகவரி பார்த்து வந்த ஒருவன், அவள் தனியாக இருந்தபோது கொன்றுவிட்டான்.

"இன்னமும் பொண்ணு பாக்க வரலாமான்னு கேக்குறாங்கம்மா," என்று அழுதார். "போன வாரம் ஒருத்தரு, பொண்ணுகிட்டயே போன்ல பேசிட்டேன்னாரு. இன்னா சொல்லுச்சுன்னு கேட்டேன். 'வராதீங்க'ன்னு மட்டும் சொல்லுச்சாம்."