முதல் வார்த்தையை விழுங்கிய ஹெட்போன்

அலுவலகத்தில் அவருக்கு ஹெட்போன் அம்மா என்று பெயர். இத்தனைக்கும் அங்கே யாரும் அவரை நேரில் பார்த்தது கிடையாது. டயர் கடைக்கு மேலே இருக்கும் இரண்டு அறை வீட்டில் உட்கார்ந்து, கம்ப்யூட்டருக்கு வரும் குரல் பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவார். கணவர் இருந்தவரை அது பொழுதுபோக்கு மாதிரி ஒரு வேலை. அவர் போன பிறகு, வீட்டுக்குள் இன்னொரு மனிதக் குரல் வர அது ஒன்றுதான் வழி. மகன் கடல் கடந்து இருக்கிறான். பேசுவான், ஆனால் எப்போது பேசினாலும் எங்கேயோ கிளம்பிக்கொண்டே பேசுவான்.

பதிவுகளை அனுப்புகிறவர் லிப்ட்களைச் சோதிக்கும் அதிகாரி. கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி, கண்ட குறைகளைப் பேசி அனுப்புவார். அவர் முகத்தை அம்மா பார்த்ததில்லை. ஆனால் அவருக்கு ஜலதோஷம் பிடித்தால் அது முதலில் தெரிவது அம்மாவுக்குத்தான். ஒவ்வொரு பதிவையும் அவர், "அம்மா, நல்லாயிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார். அதை அறிக்கையில் சேர்க்கக் கூடாது. பதில் சொல்லவும் வழியில்லை. அவர் எண் கூட அம்மாவிடம் கிடையாது, அலுவலகமும் கொடுக்காது. இருந்தாலும் அந்த ஒரு கேள்விக்காக அம்மா காலையில் தலை வாரிக்கொண்டு வந்து உட்காருவார் என்றால் சிரிக்காதீர்கள். தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கோடையில் அந்தக் கேள்வி நின்றுபோனது. பதிவைப் போட்டால் எடுத்த எடுப்பில் லிப்ட் பேச்சுதான். அவசரத்தில் மறந்திருப்பார் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டார். பிறகு, அறிக்கைகளைச் சரிபார்க்கும் பெண்ணிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, மறுபடியும் விட்டுட்டீங்க. 'மூணாவது லிப்ட்ல பிரேக் தேய்ஞ்சிருக்கு'ன்னு சொல்றார். நீங்க பிரேக் தேய்ஞ்சதை மட்டும் அடிச்சிருக்கீங்க. நாலு லிப்ட்ல எதைன்னு கழட்டுவாங்க? இப்படியே போனா இந்த வேலைக்கு வேற ஆளைப் போட்டுடுவாங்க. மேல சொல்லிட்டாங்க."

பதிவைப் பின்னுக்குத் தள்ளிக் கேட்டார். "மூணாவது லிப்ட்ல" என்று கணீரென்று விழுந்தது. அப்படியானால் கோளாறு காதில்தான். ஒரு காலத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். மூச்சு விடுகிற சத்தத்திலேயே எந்த மேனேஜர் என்று சொல்லிவிடுவார். அந்தக் காது இப்போது ஒரு வார்த்தையை இரண்டாவது தடவைதான் கேட்கிறது. அந்த அறிக்கைகளைப் படிக்கிற அதிகாரிக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அதனால்தான் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டார் என்று அம்மாவே தீர்ப்பும் எழுதிவிட்டார். காது டாக்டரிடம் போகப் பயம். போனால் உறுதியாகிவிடுமே.

அதற்குப் பதில் கவனத்தைக் கூட்டினார். ஒரு வரி கேட்பார், நிறுத்துவார், அடித்ததைப் படித்துப் பார்ப்பார், அப்புறம் அடுத்த வரி. கவனம் கூடக்கூடத் தப்பும் கூடியது. ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை.

கடைசியில் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்காரருக்கு அவர் போன் போட்டது காதுக்காக அல்ல. அறிக்கைகளை ஒரு பென் டிரைவிலும் ஏற்றி வைக்க வேண்டும் என்பது விதி. ஏற்றினால் பாதியில் நின்று நகரவே மாட்டேன் என்றது. கம்ப்யூட்டர்காரர் சிடுமூஞ்சி. யார் பேசினாலும் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்பார்.

"வேற என்ன மாட்டியிருக்கீங்க?"

"ஹெட்போன். அதுல ஒண்ணும் கோளாறு இல்லைங்க. எனக்குத்தான் காது போயிடுச்சு. கொஞ்சம் நிறுத்திட்டு மறுபடி போட்டா முதல் வார்த்தை விழ மாட்டேங்குது."

கொட்டாவி பாதியில் நின்றது.

"நிறுத்தாம கேட்டா விழுதா?"

"விழுது."

"நிறுத்தினா மட்டும் போற காது எங்கயாவது உண்டா? பென் டிரைவுக்கும் காது போயிடுச்சா என்ன? கம்ப்யூட்டரை பவர் சேவர்ல போட்டு வெச்சிருக்கீங்களா?"

"ஆமா. அவர் போனப்புறம்... ஒருத்திக்கு எதுக்கு இவ்வளவு கரன்ட்னு எல்லாத்தையும் குறைச்சேன். பிரிட்ஜைக் கூட நிறுத்திட்டேன். கோடை ஆரம்பத்துல இதையும்."

கம்ப்யூட்டர்காரர் முதன்முறையாகத் தன்மையாகப் பேசினார். சிக்கனம் செய்யச் சொன்னால் கம்ப்யூட்டர் அதை அப்படியே கேட்கும். சில நொடி வேலையில்லாத யுஎஸ்பி துளைக்கு மின்சாரத்தைக் குறைத்துவிடும். அதில் செருகியிருக்கும் ஹெட்போன் தூங்கிப்போகும். மறுபடி சத்தம் வரும்போது அது எழுந்து உட்காருவதற்குள் முதல் வார்த்தைகள் போய்விடும். உடனே திருப்பிப் போட்டால் விழித்திருக்கும், கேட்கும். "நீங்க பாத்துப் பாத்து நிறுத்தியிருக்கீங்க. அது நல்லாத் தூங்கியிருக்கு," என்றார்.

அவர் சொல்லச் சொல்ல, பவர் அமைப்பில் யுஎஸ்பியைத் தூங்கவிடும் வசதியை அம்மா நிறுத்தினார். டிவைஸ் மேனேஜருக்குள் போய், மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்று ஒவ்வொரு யுஎஸ்பி ஹப்பிலும் இருந்த டிக்கை எடுத்தார். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டார். பென் டிரைவ் ஓட்டமெடுத்தது.

பிறகு அன்றைய பதிவைத் திறந்தார்.

"அம்மா, உடம்பு சரியில்லையா?"

முந்தைய நாளின் பதிவைத் திறந்தார். அதிலும் அதே கேள்வி. இன்னும் பின்னால் போனால், "அம்மா, நல்லாயிருக்கீங்களா?" ஒரு நாள் கூட அவர் விட்டிருக்கவில்லை. தப்புகள் கூடக்கூடக் கேள்வியில் கவலைதான் கூடியிருந்தது. அம்மா ஹெட்போனைக் கழற்றாமலே அழுதார். கோடை முழுக்க ஒரு மனிதர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், இவர் கல் மாதிரி உட்கார்ந்திருந்திருக்கிறார். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அன்றைய அறிக்கையை ஒரே மூச்சில் அடித்து அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் சரிபார்க்கும் பெண் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒரு தப்பு இல்லை! வேற ஆள் பேச்சே இனிமே வராது. ஆனா கடைசியில 'நான் நல்லாயிருக்கேன், கவலைப்படாதீங்க'ன்னு ஒரு வரி இருக்கே, அதை எங்க சொல்றார்? தேடித் தேடிப் பாத்துட்டேன்."

"அது அவர் சொன்னதில்லம்மா. நான் சொன்னது."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"லிப்ட் ரிப்போர்ட்ல அதெல்லாம் போகக் கூடாதுக்கா. எடுத்துட்டேன்."

"சரிம்மா," என்றார்.

மறுநாள் காலை புதிய பதிவு வந்தது. "அம்மா, உடம்பு இன்னும் சரியாகலையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அவர் முதல் லிப்டுக்குப் போனார்.