வலது கால் மட்டும்

சபையில் பெரியவர்கள் அவரை 'பிரதர்' என்றார்கள். வாலிபப் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் 'கால்கழுவி அண்ணன்' என்றார்கள். அது அவர் காதிலும் விழுந்திருந்தது. கோபம் வரவில்லை, உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தே போனார். பட்டப்பெயர் வைக்கிற அளவுக்கு ஒரு மனிதன் நல்ல காரியம் செய்கிறான் என்றால் சும்மாவா?

காரியம் இதுதான். கல்யாணம் நிச்சயமான ஜோடிகளுக்குச் சபையில் சனிக்கிழமை மாலைகளில் வகுப்பு உண்டு. நடத்துவது இவரும் இவர் மனைவியும். நடத்துவது என்றால், பேசுவது இவர், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவள். "உங்க குடும்பத்தைப் பாத்து நாலு பேருக்குக் கர்த்தர் மேல நம்பிக்கை வரணும். வராட்டி நீங்க ஆலயத்துல பாடினா என்ன, பாடாட்டி என்ன?" என்பார். கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்தார், அதே மாதிரி புருஷன் மனைவிக்குத் தன்னைக் கொடுக்க வேண்டும் என்பார். கடைசி வகுப்பில் ஒரு பேசினில் தண்ணீரும் வெள்ளைத் துண்டும் வரும். எல்லார் முன்னாலும் மண்டியிட்டு மனைவியின் வலது காலைக் கழுவித் துடைப்பார். கல்யாணப் பெண்கள் கண்ணைக் கசக்குவார்கள். மாப்பிள்ளைகள் 'வசமா மாட்டிக்கிட்டோம்' என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

மண்டியிடுவது அவருக்குப் புதிதில்லை, பிழைப்பே அதுதான். மீசை முளைத்த வயதில் சேர்ந்த செருப்புக் கடையில் இன்றைக்கும் விற்பனையாளர். வாசலில் ஆள் நுழையும்போதே கால் அளவைச் சொல்லிவிடுவார். குதிகால் தேய்ந்திருக்கிற பக்கத்தைப் பார்த்து, "வலது முட்டி வலிக்குதாம்மா?" என்று கேட்டு அசரடிப்பார். வந்தவர்கள் "கொஞ்சம் இறுக்குதே" என்று இழுத்தால், "போடப் போடத் தளர்ந்துடும்" என்பார். தோல் தளரும், ரெக்சின் தளராது. அது அவருக்கு நன்றாகத் தெரியும், வாங்குகிறவர்களுக்குத் தெரியாது.

அந்தக் கடையில் விலைபோகாமல் கிடந்த கறுப்பு ஷூ ஒன்றைத்தான் மனைவிக்குக் கொண்டுவந்தார். அவள் காலுக்கு ஒரு அளவு சின்னது. ரெக்சின். "என் பக்கத்துல உக்கார்றப்ப அந்தப் பழைய செருப்போட வராதே, நாலு பேர் பாக்குற இடம்" என்றார். அவள் ஒரு பள்ளிச் சமையலறையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள், சர்க்கரை வியாதிக்காரி வேறு. போட்டுப் பார்த்துவிட்டு, "இடது கால் கடிக்குதுங்க" என்றாள்.

கட்டின மனைவியிடமும் அவர் வாயில் அதே வாக்கியம்தான் வந்தது. "போடப் போடத் தளர்ந்துடும்."

கொஞ்ச நாள் கழித்து அவள் மறுபடியும் வந்து நின்றாள். அவர் வகுப்புக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். "இந்தக் காலைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். நிமிராமலே, "வகுப்பு முடியட்டும்மா" என்றார். அன்றைய பாடம் பொறுமை. ஊருக்கு உபதேசம் என்று சும்மாவா சொல்லிவைத்தார்கள்.

கடைசி வகுப்பு வந்தது. வந்திருந்த ஜோடிகளில் ஒரு பெண் நர்ஸ். அவளைக் கட்டப்போகிறவன் எலக்ட்ரீஷியன், வாய்த்துடுக்குக்காரன். வலது காலைக் கழுவித் துடைத்து அவர் எழப்போன நேரத்தில் அவன் கேட்டான்: "அண்ணே, ஒரு கால்தானா? இன்னொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?"

அறை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். "சரியான கேள்வி தம்பி. அன்பு பாதியில நிக்கக் கூடாது. அதையும் குடும்மா."

அவள் இடது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். "வேணாங்க. போதும்."

"வெக்கப்படுறா" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். மறுபடியும் சிரிப்பு. அவள் அவரையே பார்த்தாள். வாடிக்கையாளர்களின் முகம் சுளிப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுகிற மனிதருக்கு அந்தப் பார்வை மட்டும் பிடிபடவில்லை. கணுக்காலைப் பற்றி, ஷூவைக் கழற்றி, சாக்ஸை உருவினார். அது ஒட்டிக்கொண்டு வந்தது. கூடவே ஒரு நாற்றமும் வந்தது.

சுண்டுவிரலுக்குக் கீழே புண். ஓரமெல்லாம் கறுத்திருந்தது.

நர்ஸ் பெண் எழுந்து வந்து தரையில் உட்கார்ந்தாள். "அக்கா, சர்க்கரை இருக்கா உங்களுக்கு? எவ்ளோ நாளா இப்படி? அண்ணன் பாக்கலையா?"

எல்லார் கண்ணும் அவர் மேல் திரும்பியது.

"அவருக்குத் தெரியாதும்மா" என்றாள் மனைவி. "நான்தான் மறைச்சிட்டேன். சொன்னா பதறிப்போயிடுவாரு."

கடைக்காரன் ஒரு காசு கூடுதலாகக் கொடுத்துவிட்டால்கூடத் திரும்ப நடந்துபோய்க் கொடுக்கிறவள் அவள். அவள் வாயில் பொய் வந்து அவர் கேட்டதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள், கண் இமைக்காமல். 'இல்லை, என்னிடம் சொன்னாள்' என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை.

"இப்படியா மறைப்பே?" என்றார் அவளிடம், எல்லாரும் கேட்கும்படி. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

யாரோ அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். யாரோ குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார்கள், அவருக்கு. வாங்கிக் குடித்தார். அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கியதை நினைத்தால் அவருக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது.

எலக்ட்ரீஷியன் புருஷன் மனைவி ரெண்டு பேரையும் தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து, கறுத்த சதையை வெட்டி எடுத்தார். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பாதமே போயிருக்கும். இப்பவும் சுண்டுவிரலுக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். ஏம்மா, வீட்ல யார்கிட்டயும் சொல்லலையா?"

அவள் அதே பொய்க்கு வாயைத் திறந்தாள்.

"சொன்னா டாக்டர்" என்றார் அவர். "ரெண்டு தடவை சொன்னா. நான்தான் குனிஞ்சு பாக்கல."

இதைச் சொன்னதும் தலையில் இடி விழும் என்று எதிர்பார்த்தார். ஒன்றும் விழவில்லை. டாக்டர் மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே, "காலைலயும் சாயங்காலமும் நீங்களே துடைச்சுக் கட்டுப் போடணும். சிஸ்டர் சொல்லித்தருவாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தாழ்வாரத்து பெஞ்சில் மருந்துக்குக் காத்திருக்கையில் அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அங்க எனக்காக ஏன் பொய் சொன்னே?"

அவள் கட்டுப்போட்ட காலைப் பெஞ்சின் மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். "உங்களுக்காகன்னு யாரு சொன்னா? அந்தப் பிள்ளைங்க அடுத்த மாசம் கல்யாணம் பண்ணப் போகுதுங்க. நீங்க சொன்னதையெல்லாம் நம்பி உக்காந்திருந்துச்சுங்க. அதுங்க முகத்தைப் பாத்தேன், வாயில வந்துடுச்சு."

கூனிக்குறுகிப்போனார். இத்தனை காலம் விசுவாசத்தைப் பற்றி வாய் கிழியப் பேசியது அவர். அதைக் கட்டிக் காப்பாற்றியது, புண்ணான காலோடு பக்கத்து நாற்காலியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள். அவரும் தன் பங்குக்கு அந்தப் பழியை அவள் தலையிலேயே கட்டிவிட்டு வந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்கலாம் என்று பார்த்தார். வகுப்பில் மன்னிப்பைப் பற்றி அவர் பேசுகிற பேச்செல்லாம் ஞாபகத்துக்கு வந்து நாக்கைக் கட்டிப்போட்டது.

மறுநாள் காலையில் கடைக்கு லீவு சொன்னார். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தார். கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினார். கிண்ணமும் பஞ்சும் மருந்துமாகச் சமையலறைக்குப் போனார். அவள் ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் முன்னால் மண்டியிட்டார்.

அவள் திடுக்கிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள். உடுப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, வலது காலை முன்னால் நீட்டினாள். அவர் தலைக்கு மேலாக வாசலை எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டாள்.